இருந்து சாப்பிடுறது

கொழும்பில் படிக்கிற எங்களுக்கு "வெளியில சாப்பிடுறது" என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கு. ஒன்று அன்றாட அலுவல். வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ் எடுத்து நாலு பெட்டையள் இருக்கிறோம். காஸ் முடிந்தால், லெக்சர் பிந்தினால், இல்லையென்றால் சும்மா சமைக்கப் பஞ்சியாக இருந்தால் வெளியில்தான் சாப்பாடு. மத்தியானம் கன்ரீன் சோறு. இரவில் ஒரு கொத்து இரண்டு பேருக்கு. மாதக் கடைசி என்றால் சைவக் கடையில் இடியப்பமும் சொதியும். இதை ஒருத்தரும் படம் எடுத்து ஸ்டோரி போடுறதில்லை.

மற்ற அர்த்தம் வருஷத்தில் மூன்று நாலு தரம்தான் வரும். பிறந்தநாள், ரிசல்ட்ஸ், வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் யாராவது வந்து நிற்கிறது. அண்டைக்குப் போறது "ரெஸ்ரோரண்ட்". ஏ.சி. இருக்கும், துணி நாப்கின் இருக்கும், மெனு ஒரு ஆல்பம் மாதிரிப் பாரமாக இருக்கும். மூன்று மாதம் சேர்த்த காசு ஒரு இரவில் போகும் என்றபடியால் கடையைத் தெரிவு செய்வதற்கே இரண்டு நாள் வட்ஸ்அப்பில் கதை நடக்கும். அந்தக் கதையில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "அங்க சாப்பாடு ஒறிஜினலா?"

இந்த இரண்டு வருஷத்தில் நான் அப்படிப் போய் இருந்து சாப்பிட்ட கடைகளில் நல்லதும் இருந்தது, மோசமானதும் இருந்தது. இரண்டும் இந்தியன் கடையிலும் நடந்தது, ஜப்பான் கடையிலும் நடந்தது. யோசித்துப் பார்த்தால், எது நல்லது எது மோசம் என்று பிரிக்க அந்த "ஒறிஜினல்" என்ற சொல் எனக்கு ஒரு இடத்திலும் உதவவில்லை. வேறு இரண்டு விஷயம்தான் உதவின. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல் இந்தியன் கடை.

தோசையும் வடையும் விற்கிற கடையை நாங்கள் இந்தியன் கடை என்று சொல்லுறதில்லை. அது சைவக் கடை, எங்கட கடை. கொழும்பில் "இந்தியன்" என்றால் நாண், பட்டர் சிக்கன், பனீர். அதாவது டெல்லி, பஞ்சாப் பக்கத்துச் சாப்பாடு. தலைமன்னாரில் இருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீற்றரில் தனுஷ்கோடி இருக்கு. அந்தப் பக்கத்து ஆட்கள் சாப்பிடுறது எங்களுக்கு "இந்தியன்" இல்லை. வரைபடத்தில் அந்தத் தொங்கலில் இருக்கிற டெல்லிதான் "இந்தியன்".

போன வருஷம் எங்கட அறைத்தோழி ஒருத்தியின் 22ஆவது பிறந்தநாளுக்கு அப்படி ஒரு கடைக்கு ஐந்து பேர் போனோம். காலி வீதியில் இருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிற கடை. பெயர் வேண்டாம். வாசலில் யானைச் சிலை, உள்ளுக்கு சித்தார் இசை, சுவரில் தாஜ்மகால். ஓடர் எடுக்க வந்த பெடியனுக்கு 19, 20 வயது இருக்கும். "ஆர் யூ ரெடி டு ஓடர், மேம்?" என்று கேட்டான். நாங்கள் ஐந்து பேரும் தமிழில்தான் கதைத்துக்கொண்டு இருந்தோம். அது அவனுக்கு விளங்குது என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் இங்கிலீசிலேயே நின்றான். அவனுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி சுப்பவைசர் கை கட்டிக்கொண்டு நின்றார்.

சுப்பவைசருக்கு ஒரு கோல் வந்து அவர் வெளியில் போனார். பெடியன் மெனுவைத் துடைக்கிற மாதிரிக் குனிந்தான். "அக்கா, மட்டன் வேணாங்க. தால் எடுங்க, இப்பதான் தாளிச்சாங்க." ஹற்றன் பக்கத்துத் தமிழ். நாங்கள் மட்டனை வெட்டிவிட்டுத் தால் போட்டோம். அதோடு பட்டர் சிக்கன், கடாய் சிக்கன், பனீர் மசாலா, நாண்.

மூன்று கறியும் மூன்று செப்புக் கிண்ணத்தில் வந்தது. மூன்றும் ஒரே கறி. ஒன்றில் மேலே கிறீம் வட்டமாக ஊற்றி இருந்தது, ஒன்றில் கறிமிளகாய் நாலு துண்டு, ஒன்றில் பனீர். கண்ணை மூடிக்கொண்டு குழம்பை நக்கினால் எது எது என்று சொல்ல ஏலாது. எல்லாம் இனிப்பு.

பெரிய இந்தியன் கடைகளில் இது நடக்கிறதுக்குக் காரணம் இருக்கு. ஒவ்வொரு ஓடருக்கும் வெங்காயம் வதக்கிக்கொண்டு இருக்க நேரம் இல்லை. அதனால் காலையிலேயே இரண்டு மூன்று தாய்க் குழம்பு வைத்துவிடுவார்கள். வெங்காயம், தக்காளி போட்டது ஒன்று. தக்காளி, வெண்ணெய், கஜு போட்டது இன்னொன்று. ஓடர் வந்ததும் அதில் இரண்டு அகப்பை எடுத்து, தாளித்து, அந்தந்தக் கறிக்கு வேண்டிய மசாலாவைப் போட்டு முடிப்பது. இது களவு இல்லை, கடைச் சமையலின் ஒழுங்கே அதுதான். பிழை எங்கே என்றால், அந்தக் கடைசி ஐந்து நிமிஷ வேலையைச் செய்யாமல் தாய்க் குழம்பையே கிண்ணத்தில் ஊற்றி அனுப்புறது. ஒன்றுக்கு ஒரு பெயர், ஒரு விலை.

நாணும் ஆறிப் போய் வந்தது. தந்தூரில் இருந்து எடுத்த நாணுக்கு ஆயுள் சில நிமிஷம்தான். மா இழுபடத் தொடங்கினால் அது செருப்புத் தோல். என்ர அறைத்தோழி, மட்டக்களப்புப் பெட்டை, பயம் இல்லாதவள், சுப்பவைசரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டு தமிழிலேயே சொன்னார்: "இந்தியாவில இப்பிடித்தான் மிஸ். இது ஒறிஜினல் ரேஸ்ட்."

எங்கள் ஐந்து பேரில் ஒருத்தரும் இந்தியா போனதில்லை. அது அவருக்குத் தெரிந்திருந்தது. அதுக்குப் பிறகு என்ன சொல்லுறது? வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டோம்.

அந்தத் தால் மட்டும் நல்லம். உள்ளி பொன்னிறமாக, சீரகம் வெடித்து, செத்தல் மிளகாய் வாசம் மேலே நிற்க, பருப்பு கரைந்தும் கரையாமலும். மெனுவில் எல்லாவற்றையும் விட விலை குறைந்ததும் அதுதான். பில் வந்தபோது சாப்பாட்டு விலைக்கு மேலே 10 வீதம் சேர்விஸ் சார்ஜ், அதுக்கு மேலே 18 வீதம் வற். மெனுவில் 1,000 ரூபா என்று இருக்கிற கறி மேசையில் கிட்டத்தட்ட 1,300 ரூபா. அந்தச் சேர்விஸ் சார்ஜ் என்ற வரியைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பெடியனின் முகம்தான் வந்தது. அண்டைக்கு எங்களுக்குக் கிடைத்த உண்மையான சேர்விஸ் அவன் மெனு துடைத்த அந்த அரை நிமிஷம் மட்டும்.

அந்தச் சுப்பவைசர் சொன்ன "ஒறிஜினல்" எனக்குள் கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டு இருந்தது. அதனால் வாசித்துப் பார்த்தேன்.

பட்டர் சிக்கனின் கதை 1947இல் இந்தியா பிரிந்த கதையோடு சேர்ந்தது. பெஷாவரில் இருந்து டெல்லிக்கு அகதியாக வந்த ஆட்கள் தர்யாகஞ்ச் என்ற இடத்தில் மோத்தி மஹால் என்ற கடையை நடத்தினார்கள். தந்தூரில் சுட்டு மிஞ்சின கோழி காய்ந்து போகாமல் இருக்கத் தக்காளியும் வெண்ணெயும் சேர்த்த குழம்பில் போட்டதுதான் பட்டர் சிக்கன் என்று சொல்லப்படுகிறது. யார் போட்டது என்பதில் இன்றைக்கும் சண்டை. குந்தன் லால் குஜ்ரால், குந்தன் லால் ஜக்கி என்று ஒரே முதற்பெயருள்ள இரண்டு பங்காளிகள். அவர்களின் வாரிசுகள் நடத்துகிற கடைகளுக்கு இடையில் 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே வழக்குப் போனது. ஆக, எங்களுக்கு "ஒறிஜினல்" என்று காட்டின சாமான் ஊர் விட்டு ஓடி வந்த ஆட்கள், மிஞ்சினதை வீணாக்காமல் செய்த கறி. எனக்கு அதில் குறை இல்லை, மரியாதைதான் கூடினது. ஆனால் அந்த ஆட்கள் ஆறின நாணைக் கொடுத்துவிட்டு "இது பெஷாவரில இப்பிடித்தான்" என்று சொல்லி இருந்தால் கடை ஒரு மாதம் நின்றிருக்காது.

இங்கிலாந்தில் "இந்தியன் ரெஸ்ரோரண்ட்" என்று போர்ட் போட்ட கடைகளில் பெரும்பாலானதைத் தொடங்கினது பங்களாதேசின் சில்ஹெட் பக்கத்து ஆட்கள். அவர்களின் சிக்கன் ரிக்கா மசாலாவை 2001இல் பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் ரொபின் குக், இது பிரித்தானியாவின் தேசிய உணவு என்ற அர்த்தத்தில் பேசினார். ஜப்பானில் இன்றைக்கு இருக்கிற இந்தியன் கடைகளில் எத்தனையோ நேபாள ஆட்களின் கைகளில் ஓடுது.

ஜப்பான் என்றதும் ஒரு கதை சொல்ல வேண்டும். 1912இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிங் மீது குண்டு எறிந்த சதியில் தேடப்பட்டவர் ராஷ் பிஹாரி போஸ். 1915இல் ஜப்பானுக்குத் தப்பிப் போனார். தோக்கியோவில் ஷின்ஜுகு என்ற இடத்தில் நக்கமுராயா என்ற பேக்கரிக்காரர் அவரை ஒளித்து வைத்திருந்தார்கள். பிறகு அந்த வீட்டு மகளையே கலியாணம் முடித்தார். 1927இல் அந்த நக்கமுராயாவில் இந்தியன் கறி விற்கத் தொடங்கினார்கள், அவருடைய கைப்பக்குவத்தில். அதுக்கு முதலே ஜப்பானில் கறி இருந்தது. ஆனால் அது மெய்ஜி காலத்தில் இங்கிலாந்துக்காரர் வழியாக வந்த, மா போட்டுத் தடிப்பாக்கின கறி. 1949இல் திருவனந்தபுரத்துக்காரரான ஏ.எம். நாயர் கின்சாவில் ஒரு இந்தியன் கடை திறந்தார். அவரும் சுதந்திரப் போராட்டத்தில் நின்றவர்தான். இந்தியச் சாப்பாட்டை ஜப்பானுக்குக் கொண்டுபோனவர்களில் சமையல் படித்தவர்களை விட ஊருக்குத் திரும்ப ஏலாமல் போனவர்கள்தான் முன்னுக்கு நிற்கிறார்கள்.

இதை வாசித்தபோதுதான் எனக்கு எங்கட வீட்டு ஆள் ஒருவர் ஞாபகம் வந்தார்.

என்ர தாய்மாமா 2006இல் பிரான்சுக்குப் போனவர். போன புதிதில் பாரிசில் ஒரு கடையில் "பிளோஞ்". அதாவது பாத்திரம் கழுவுறது. அங்கே எங்கட ஆட்களில் பாதிப் பேர் அந்த வேலையில்தான் தொடங்குறது. ஐந்தாறு வருஷத்துக்குப் பிறகு ஒரு ஜப்பான் கடையில் சுஷி உருட்டுகிற வேலை கிடைத்தது. பாரிசில் தெருவுக்குத் தெரு ஜப்பான் கடை இருக்காம். சுஷியும், குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியும் சேர்த்து செற் மெனுவாகக் கொடுக்கிற கடைகள். நிறையக் கடைகளில் பத்திரோன், அதாவது முதலாளி, சீனாக்காரர். குசினிக்குள் நிற்கிறது எங்கட பெடியள். மாமாவின் கடையும் அப்படித்தான். என்ர ஏ.எல். ரியூசன் காசு அந்த உருட்டலில் இருந்துதான் வந்தது. அம்மம்மா ஊரில் எல்லாரிடமும் "மகன் பிரான்சில பெரிய ஹோட்டலில குக்" என்று சொல்லிக்கொண்டு திரிவா. மாமா அதை மறுத்ததும் இல்லை, ஓம் என்று சொன்னதும் இல்லை.

எனக்கோ சுஷி என்றால் ஒரே ஒரு அனுபவம்தான். கொழும்பில் ஒரு மோலில், பிளாஸ்ரிக் பெட்டிக்குள், பிரிட்ஜில் இருந்து எடுத்துத் தந்தது. சோறு கல்லு மாதிரி. கடலைத்தாள் கடிக்கக் கடிக்க றப்பர். மேலே மயோனைஸ். கூட வந்தவள் "ஜப்பான் சாப்பாடு இப்பிடித்தான் இருக்குமாம்" என்றாள். திரும்பவும் அதே "இப்பிடித்தான்".

போன வருஷம் மாமா லீவில் வந்து, ஊருக்குப் போக முதல் மூன்று நாள் கொழும்பில் நின்றார். நான் ஸ்கூல் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்துச் சேர்த்த கொஞ்சக் காசு கையில் இருந்தது. "மாமா, ஒரு ஜப்பான் கடைக்குப் போவமா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "பிள்ளை, மீன்காரனைக் கூட்டிக்கொண்டு போய் மீன் காட்டப்போறியோ?" என்றார். நான் விடவில்லை.

கொழும்பில் ஜப்பான் சாப்பாடு புதிசு இல்லை. தர்ஷன் முனிதாச, தாய் ஜப்பான் தகப்பன் இலங்கை, 1995இலேயே நிஹொன்பாஷி என்ற கடையைத் திறந்தவர். பிறகு 2011இல் மஹேலவும் சங்கக்காரவும் சேர்ந்த மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்பைத் தொடங்கினவரும் அவர்தான். அவையெல்லாம் என்ர ரியூசன் காசுக்கு எட்டாது. நாங்கள் போனது கொள்ளுப்பிட்டிப் பக்கம் எட்டுப் பத்து மேசை உள்ள ஒரு சின்னக் கடை. சமையல்காரர் முன்னால் நின்று வெட்டுறதைப் பார்க்கிற மாதிரி ஒரு கவுண்டர். அதில் இரண்டு கதிரை கிடைத்தது.

மாமா கதிரையின் விளிம்பில் இருந்தார். தண்ணி ஊற்ற வந்த பெடியனுக்கு ஒவ்வொரு தரமும் பாதி எழும்பி "தாங்ஸ்" சொன்னார். சாப்பிட்டு முடிந்த சின்னத் தட்டுகளைத் தன்ர பாட்டில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கினார். நான் "விடுங்கோ மாமா" என்றேன். கையை எடுத்தார். பிறகு திரும்பவும் அடுக்கினார்.

"உருட்டத் தொடங்கி பன்னிரண்டு வருஷத்துக்கு மேல, பிள்ளை. இப்பிடி ஒருநாளும் இருந்து சாப்பிடேல்லை" என்றார். சும்மா ஒரு தகவல் மாதிரிச் சொன்னார். பின்னேரம் நாலு மணிக்குக் கடை கொஞ்சம் ஓய, குசினிக்குப் பின்னால் மரக்கறிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்து சோறும் கோழிக் கறியும் சாப்பிடுவார்களாம். கறி எங்கட பெடியள் முறை வைத்துச் சமைக்கிறது. சீனப் பத்திரோனும் அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாராம்.

சுஷி வந்தது. சோற்றுக் கட்டியின் மேல் ரூனாத் துண்டு வைத்த ஆறு நிகிரி. நான் குச்சியோடு மல்லுக்கட்டினேன். மாமா கையால் எடுத்தார். "இதைக் கையால சாப்பிடலாம். ஜப்பான்காரரும் அப்பிடிச் சாப்பிடுறவைதான்." அதைத் திருப்பி, மீன் பக்கத்தை மட்டும் சோயா சோசில் தொட்டார். சோற்றுப் பக்கத்தைத் தொட்டால் சோறு உறிஞ்சி உடைந்துவிடும். வாயில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

"சோறு பதம்" என்றார்.

"மீன்?"

"நீங்கள் எல்லாரும் சுஷி எண்டா மீன் எண்டு நினைக்கிறியள். சுஷி எண்டா அந்தப் புளிச்சோறுதான். மீன் நல்லதா இருந்தா அது கடலின்ர கெட்டித்தனம். சோறுதான் எங்கட கெட்டித்தனம்."

பிறகு விளங்கப்படுத்தினார். குறுந்தானிய அரிசி, ஒட்டும் தன்மை உள்ளது. அவித்த உடனே, சூட்டோடு, அரிசி வினிகரும் சீனியும் உப்பும் கலந்து, அகப்பையால் வெட்டுற மாதிரிப் பிரட்ட வேண்டும். குழைக்கக் கூடாது. விசிறி ஆற்ற வேண்டும். பரிமாறுகிற நேரம் எங்கட உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். பிரிட்ஜில் வைத்தால் சோற்றின் மாப்பொருள் இறுகிவிடும். மோலில் நான் சாப்பிட்ட கல்லுச் சோற்றின் ரகசியம் அதுதான். கடலைத்தாள் சுற்றிக் கொஞ்ச நேரத்திலேயே ஈரத்தை இழுத்து றப்பராகிவிடும். அதனால் சுற்றின கையோடு சாப்பிட வேண்டும். பச்சையாக வைக்கிற வசாபி அனேகமான கடைகளில் வசாபியே இல்லை. அது ஹோர்ஸ்ரடிஷ் என்ற காரக் கிழங்குக்குப் பச்சை நிறம் போட்டது. பாரிசிலும் அதுதான், இங்கேயும் அதுதான், ஜப்பானிலும் மலிவான கடைகளில் அதுதான். இப்போது உலகம் முழுக்கப் பிரபலமான சமன் சுஷிகூட 1980களில் நோர்வேக்காரர் தங்கட மீனை விற்க ஜப்பானுக்குக் கொண்டுபோய்ப் பழக்கினதுதான்.

மிசோ சூப் வந்தது. ஒரு வாய் குடித்ததும் எனக்குத் தெரிந்த ருசியாக இருந்தது, ஆனால் பிடிபடவில்லை. மாமா சொன்னார்: "மாசி." ஜப்பான்காரர் சூப்புக்குப் போடுகிற கட்சுவோபுஷி என்பது சூரை மீனை அவித்து, புகை போட்டு, மரக்கட்டை மாதிரிக் காய வைத்துச் சீவுறது. எங்கட மாசிக் கருவாடும் அதே சூரைதான், கிட்டத்தட்ட அதே வேலைதான். யாழ்ப்பாணத்தில் எங்கட வீட்டில் மாசி குறைவு. கொழும்புக்கு வந்து, கன்ரீனில் சிங்களப் பிள்ளைகளோடு சம்பல் சாப்பிட்டுப் பழகின ருசி அது. இக்கேதா என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1908இல் "உமாமி" என்று பெயர் வைத்தது கடற்பாசியின் ருசிக்கு. 1913இல் அவருடைய மாணவர் கொதாமா அதைக் கட்சுவோபுஷியிலும் கண்டுபிடித்தார். எங்கட பக்கத்தில் அந்த ருசிக்குப் பெயர் இல்லை. ஆனால் சம்பலில் மாசி போடேல்லை என்றால் "என்னவோ குறையுது" என்று எல்லாருக்கும் தெரியும்.

கவுண்டருக்கு அங்கால் நின்ற சமையல்காரர் மாமாவின் கண் தன்ர கையிலேயே நிற்கிறதைக் கவனித்துவிட்டார். "மாத்தயாவும் இந்த வேலையா?" என்று சிங்களத்தில் கேட்டார். மாமாவுக்குச் சிங்களம் அரைகுறை. நான் கம்பஸ் சிங்களத்தில் மொழிபெயர்த்தேன். அவர் குருநாகல்காரர். மாலைதீவில் ஒரு ரிசோட்டில் ஆறு வருஷம் நின்றவர், வேலை பழக்கினது ஒரு பிலிப்பைன்ஸ்காரராம். மாமா சொன்னார், தனக்குப் பழக்கினது ஒரு சீனாக்காரர் என்று. இரண்டு பேரும் ஒரு ஜப்பான்காரரிடமும் படிக்கவில்லை. அதைக் கேட்டு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அதுக்குப் பிறகு என்ர மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கத்தி எந்தக் கோணம், வினிகர் எவ்வளவு, எல்லாம் கையாலேயே கதைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு நிகிரி பிடித்து மாமாவின் முன்னால் வைத்தார். அது பில்லில் இல்லை.

பில்லை நான்தான் கட்டினேன். அதுக்குப் பெரிய சண்டை. எங்கட குடும்பத்தில் மாமா கொடுக்கிறது, மருமகள் வாங்கிறது. இந்த ஒருக்கால் மாற்றிச் செய்ய விடுங்கோ என்று கெஞ்சித்தான் கட்டினேன். அவர் பில்லை வாங்கிச் சேர்விஸ் சார்ஜ் வரியில் விரலை வைத்து, தண்ணி ஊற்றின பெடியனிடம் "இது உங்களுக்கு வருதோ தம்பி?" என்று கேட்டார். பெடியன் தலையை ஆட்டினான். வருது, வராது, இரண்டுக்கும் பொருந்துற ஆட்டல். மாமா ஒரு தாளை எடுத்து மடித்து அவன்ர கையில் வைத்தார்.

ஆக, நான் சொல்ல வந்த இரண்டு விஷயம்.

ஒன்று, மலிவான சாமானைப் பார். ஜப்பான் கடையில் சோறு, மிசோ சூப். இந்தியன் கடையில் தால், நாண். விலை கூடின மட்டனையும் சமனையும் எல்லாக் கடையும் அலங்கரித்துக் காட்டும். யாரும் பெரிதாகக் கவனிக்காத சோற்றிலும் பருப்பிலும் கவனம் எடுத்திருந்தால் அந்தக் குசினியில் மனுசர் ஒழுங்காக வேலை செய்யினம் என்று அர்த்தம். கையில் காசு குறைந்த எங்களுக்கு இது இன்னும் வசதி. முதலில் அந்த மலிவான ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை யோசிக்கலாம். மெனுவின் அடியில் வரி, சேர்விஸ் சார்ஜ் சேராத விலை என்று சின்ன எழுத்தில் இருக்கா என்றும் பாருங்கோ. இருந்தால் மனதுக்குள் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் முந்நூறைக் கூட்டிக்கொள்ளுங்கோ.

இரண்டாவது, கேள்வி கேளுங்கோ. சமைத்தவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்க வேண்டாம். டெல்லிச் சாப்பாட்டை அகதிகள் செய்தார்கள், லண்டன் "இந்தியன்" சாப்பாட்டை சில்ஹெட்காரர் செய்தார்கள், பாரிஸ் "ஜப்பான்" சாப்பாட்டை எங்கட சொந்தக்காரர் செய்கினம். அவையின்ர கை ஒறிஜினல் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. "இண்டைக்கு எது நல்லம்?" என்று தமிழிலோ சிங்களத்திலோ, பரிமாறுகிற ஆளின் மொழியில் கேளுங்கோ. சுப்பவைசருக்குப் பயந்து கொண்டு மெனு துடைக்கிற மாதிரிக் குனிந்து பதில் சொல்ல வேண்டி இருக்கிற கடையா, கவுண்டருக்கு அங்கால் நின்று சிரித்துக்கொண்டு பதில் சொல்லக் கூடிய கடையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கேட்டதும் முகம் சுருங்கி, "இது இப்பிடித்தான்" என்று பதில் வந்தால், தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாங்கோ. ஓடர் கொடுக்க முதல் எழும்புறதுக்கு ஒரு கடையும் வற் போடாது.